சின்ன பட்ஜெட்டில் இந்தி த்ரில்லர்: கதாநாயகியை நம்பி இறங்குபவர்களுக்கு

வீட்டை முதலில் பிடியுங்கள், கதையை அப்புறம் எழுதுங்கள். இப்படிச் சொன்னால் எழுத்தாளர்கள் என்மேல் பாய்கிறார்கள். பாயட்டும். நான் மும்பையில் இந்திப் படங்களுக்கு லைன் புரொட்யூசராக வேலை பார்ப்பவள். பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வருகிற தம்பி தங்கைகள் "அக்கா, ஹீரோயினை மட்டும் வைத்து ஒரு சின்ன இந்தி த்ரில்லர், ஒரு கோடிக்குள் முடிக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை லொகேஷன்?"

இங்கே ஒரு ஷிஃப்ட் என்பது 12 மணி நேரம். அதைத் தாண்டினால் கூடுதல் கூலி. காலையில் அந்தேரியில் ஒரு சீன், மதியம் தாணேயில் இன்னொரு சீன் என்று போட்டால், லைட் டெம்போவும் ஜெனரேட்டர் வண்டியும் ஹைவேயில் நிற்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். சின்னப் படத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நடிகர் சம்பளமோ கேமரா வாடகையோ இல்லை, இந்த இடமாற்றம்தான்.

ஒரே வீட்டில் ஒரு முழுப் படம் நிற்குமா என்று சந்தேகப்படுபவர்கள் 1999-ல் ராம் கோபால் வர்மா எடுத்த 'கௌன்' படத்தைப் பாருங்கள். ஒரு வீடு, விடாத மழை, ஊர்மிளா மாதோண்ட்கர், மனோஜ் பாஜ்பாய், சுஷாந்த் சிங். எழுதியவர் அனுராக் காஷ்யப். பாட்டே கிடையாது. ஆனால் ஒன்று: 'வீட்டில் தனியாக ஒரு பெண், வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்' என்பதையே நீங்களும் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த மாவை அரைத்து அரைத்துப் புளிக்க வைத்தாகிவிட்டது. வீடு ஒன்றாக இருக்கட்டும், நாயகி அந்த வீட்டுக்காரியாக இருக்க வேண்டியதில்லை.

எந்த வீடு

மட் ஐலண்ட் பங்களாக்கள் வேண்டாம். வெர்சோவா ஜெட்டியிலிருந்து படகில் போய்விடலாம், ஷூட்டிங்குக்கென்றே பழகிய இடம், எல்லாம் சரி. ஆனால் அந்த மாடிப்படிகளையும் தோட்டத்து வாசலையும் சீரியல் சீரியலாக நாடே பார்த்திருக்கிறது. நீங்கள் போக வேண்டியது மீரா ரோடு, வசை, டோம்பிவலி பக்கத்துப் பழைய ஹவுசிங் சொசைட்டிகளுக்கு. தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்குள் ஒரு ஃபிளாட். அதே தளத்தில் இன்னொரு ஃபிளாட்டும் கிடைத்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றில் படம், மற்றதில் மேக்கப், புரொடக்ஷன், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே பெண்களுக்குத் தனி பாத்ரூம். மேக்கப் வேன் வாடகை மிச்சம்.

வாடகை பேசுவதற்கு முன் சொசைட்டி கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஃபிளாட் ஓனர் "நான் பார்த்துக்கிறேன்" என்பார். அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் நாள் காலையில் செக்ரட்டரி வந்து ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்வார். வெளி லொகேஷன் என்றால் மும்பையில் அனுமதிக்கு ஃபிலிம் சிட்டியின் ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் சீன் வைத்தால் அது தனி அனுமதி, தனிக் கட்டணம், உங்கள் பட்ஜெட்டில் ஓட்டை. வெட்டிவிடுங்கள்.

மும்பை ஃபிளாட்டில் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒரு சொத்து, இரட்டைக் கதவு. உள்ளே மரக்கதவு, வெளியே ஜாலி (கம்பி வலை) போட்ட சேஃப்டி டோர். மரக்கதவைத் திறந்து ஜாலி வழியாகப் பேசுகிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, செட் போட்டாலும் அப்படி ஒரு ஃப்ரேம் வராது. இரண்டு முகங்கள், நடுவில் கம்பி. பூட்டு யார் பக்கம் என்பதை வைத்தே ஒரு சீனை எழுதலாம்.

கதையை அந்த வீட்டுக்கு எழுதுவது

சும்மா பேசினால் புரியாது, ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். நாயகி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன். காலை ஆறரைக்கு ஒரு ஃபிளாட்டுக்குப் போகிறாள். வயதான சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிற்றில் ஒரு சாம்பிள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. காய்ச்சல் என்று அவர் முகத்தில் மாஸ்க், கழுத்துவரை போர்வை, ஜன்னல் திரை மூடியிருக்கிறது. மருமகன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். எடுத்துவிட்டுப் போகிறாள். ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறாள். அதே போர்வை, அதே மாஸ்க். கையை நீட்டுகிறார்கள். காலையில் குத்திய இடத்தில் அடையாளமே இல்லை. பஞ்சு ஒட்டிய பிளாஸ்டரும் இல்லை. "இந்தக் கையில் நரம்பு சரியாகக் கிடைக்கல, அந்தக் கையைக் காட்டுங்க" என்கிறாள். அதிலும் இல்லை.

இதற்கு எவ்வளவு செலவு? ஒரு கை. ஆனால் இதற்குள்ளே எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேர இடைவெளி மருத்துவமே வைத்துக் கொடுத்த கெடு. படத்தின் நேரமும் அதுதான்: ஆறரையிலிருந்து பத்துக்குள். அவள் ஒரு அந்நியர் வீட்டுக்குள் தானாக நுழைகிறாள், வேலைக்காக. தப்பித்துப் போய்விடலாம், ஆனால் காலையில் ரத்தம் கொடுத்த கிழவர் எங்கே என்ற கேள்வி அவளை நிறுத்துகிறது. முடிவு அவளுடையது. நாயகி படம் என்று நான் சொல்வது இதைத்தான். துரத்தப்படுகிறவளாக மட்டும் வைத்தால், படத்தை நகர்த்துவது வில்லன்தான். போஸ்டரில் அவள் முகம் இருந்து என்ன பிரயோஜனம்?

அவள் தொழிலைக் கதைக்கு வேலை செய்ய வையுங்கள். கையில் கட்டுகிற பட்டை, ஊசி, பார்கோடு ஸ்டிக்கர், ரத்த டியூப் மூடியின் நிறம். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி, ரத்த அணுக்கள் எண்ணுவதற்கு ஊதா மூடி. இரண்டும் எடுக்கும்போது ஊதாவுக்குப் பிறகுதான் சாம்பல். ரத்தம் கொடுக்காத ரசிகன் கிடையாது. தப்பாகப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

கதை பிடிபட்டதும் அந்தேரியில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகித் திரைக்கதையைப் பதிவு செய்துவிடுங்கள், ஆன்லைனிலேயே ஆகிவிடும். வசனத்துக்கு மட்டும் இந்திக்காரர் ஒருவரை வையுங்கள். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எழுதும் இந்தி, பிரசார சபா பரீட்சைத் தாள் மாதிரி சுத்தமாக இருக்கும். மும்பையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வாட்ச்மேன் பூர்வாஞ்சல் (கிழக்கு உ.பி.) இழுவையோடு பேசுவார், சொசைட்டி செக்ரட்டரி மராத்தி கலந்து பேசுவார். ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதே துப்பாகிவிடக்கூடிய ஊர் இது.

போலீஸ் சீன் எழுதுகிறீர்களா? இன்ஸ்பெக்டர் "தஃபா 302" (பிரிவு 302, கொலை) என்று கர்ஜிக்கிற வசனத்தை அடியுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதை வந்தாயிற்று. கொலைக்கு இப்போது 103. கதை அதற்கு முந்தைய வருடத்தில் நடந்தால் 302 சரி. இன்னும் இரண்டு விஷயங்கள் பெண் மையக் கதைக்குத் தங்கம். சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன்பு ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. தவிர்க்க முடியாத சூழ்நிலை என்றால், பெண் அதிகாரி எழுத்தில் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதேபோல் சாட்சி விசாரணைக்கு ஒரு பெண்ணை அவள் வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தாளர்கள் இதையெல்லாம் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு இவை இலவசத் திருப்பங்கள். 'விடியும்வரை நேரம் இருக்கிறது' என்று நாயகிக்குத் தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்று யோசியுங்கள்.

நாயகியைத் தேடுவது

வெர்சோவாவில் ஆராம் நகர் இருக்கிறது. காஸ்டிங் ஆபீஸ்கள் அடுக்கடுக்காக. வாசலில் நிற்கிற எல்லோரும் அழுது காட்டத் தயாராக இருப்பார்கள். அழுகை வேண்டாம். என்னைக் கேட்டால் ஆடிஷனில் வசனமே கொடுக்கக் கூடாது. பட்டை, கையுறை, டியூப், ஊசி இல்லாத சிரிஞ்ச் கொடுத்து, ரத்தம் எடுக்கிற வேலையை அமைதியாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது முறை, "கையில் அடையாளம் இல்லை என்பதைப் பார்க்கிறாய், ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கண்ணை விரிப்பார்கள். யாருடைய கை நிற்காமல் வேலை செய்துகொண்டே, மூச்சு மட்டும் மாறுகிறதோ அவளை எடுங்கள். பிரபலமானவரா இல்லையா என்பது அப்புறம். ஷூட்டிங்குக்கு முன் சில நாள் உண்மையான டெக்னீஷியன் ஒருவருடன் பயிற்சி கொடுங்கள். திரையில் ஊசி ஏறுகிற க்ளோஸப்பை அந்த டெக்னீஷியன் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம். கையுறை போட்டிருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அக்ரிமென்டில் எழுத வேண்டியதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். தள்ளுமுள்ளு, கழுத்தைப் பிடிப்பது, உடை கிழிவது என்று எது இருந்தாலும் சீன் நம்பரோடு, எதுவரை என்று. ஒரு பெண்ணை இழுத்துத் தள்ளுகிற ஷாட் இருந்தால் ஃபைட் மாஸ்டர் இல்லாமல் எடுக்காதீர்கள். "நேச்சுரலா வரட்டும்" என்று சொல்கிற இயக்குநரை நான் நம்புவதே இல்லை. ஒரு தோள்பட்டை சுளுக்கினால் உங்கள் படம் முழுவதும் அந்தத் தோளில்தான் நிற்கிறது, மாற்று ஆளே கிடையாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். எவ்வளவு சின்ன யூனிட்டும் பத்தைத் தாண்டிவிடும். குழுவில் இருப்பவர்களின் பெயரும் நம்பரும் முதல் நாள் கால்ஷீட்டிலேயே (யூனிட்டுக்குக் கொடுக்கிற அன்றைய வேலைத் தாள்) அச்சாக வேண்டும். ராத்திரி பேக்கப் ஆனால் பெண்களுக்கு வீட்டு வாசல்வரை வண்டி. ஒரு மணி வாக்கில் லோக்கல் ரயில் ஓய்ந்தால் நாலு மணி வாக்கில்தான் மறுபடி ஓடும். இந்தச் செலவைக் கடைசியில் சேர்க்காதீர்கள், முதல் பட்ஜெட்டிலேயே போடுங்கள்.

சத்தம்தான் படம்

சின்னப் படம் என்று பார்ப்பவருக்குத் தெரிவது காட்சியில் இல்லை, சத்தத்தில். சுமாரான லைட்டிங்கை 'ஸ்டைல்' என்று மன்னித்துவிடுவார்கள். எதிரொலிக்கிற வசனத்தை மன்னிக்க மாட்டார்கள். த்ரில்லரில் பயமே காது வழியாகத்தான் போகிறது. அதனால் சிங்க் சவுண்ட் (பிறகு டப்பிங் பேசாமல், நடிக்கும்போதே சத்தத்தைப் பதிவு செய்வது) எடுங்கள், நல்ல ரெக்கார்டிஸ்டுக்குக் கேட்ட சம்பளத்தைக் கொடுங்கள், வேண்டுமானால் கேமராவில் ஒரு படி இறங்குங்கள்.

ரெக்கி, அதாவது ஷூட்டிங்குக்கு முன் இடம் பார்க்க, போகும்போது கேமராமேனை மட்டும் கூட்டிப்போகிற பழக்கத்தை விடுங்கள். ரெக்கார்டிஸ்ட் அந்த வீட்டில் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் கண்ணை மூடி உட்கார வேண்டும். குர்லா, விலே பார்லே பக்கம் என்றால் தலைக்கு மேலே விமானம், அங்கே சிங்க் சவுண்டை மறந்துவிடுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மழை. ஜன்னல் மேல் தகர ஷெட் இருந்தால் ஒரு வசனம்கூடத் தேறாது. கணபதி விழா நாட்களில் டோல் தாசா மேளம். தீபாவளிக்கு முன்னும் பின்னும் பட்டாசு. காலண்டரை எடுத்து இவற்றை முதலில் அடித்துவிட்டு, மிச்சத்தில் தேதி போடுங்கள். காக்காயை ஒன்றும் செய்ய முடியாது. காலை நேரக் கதை என்றால் அது உங்களுக்குச் சாதகமும்கூட.

ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். இது சவுண்ட் ஆட்களின் பழைய வித்தை. சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது, வீட்டுக்காரர் பாலும் கெடாது. ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறைக்கே உரிய சத்தம், எடுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு உதவி இயக்குநர்கள் முகம் சுளிப்பார்கள். எடிட்டில் அதே ஆட்கள்தான் அதைத் தேடி வருவார்கள்.

அப்புறம் நாயகியின் வேலைச் சத்தங்கள். கையுறை இழுபடுவது, பட்டை ஒட்டிப் பிரிவது, டியூப் ஸ்டாண்டில் உட்கார்கிற சின்ன 'க்ளிக்', சேஃப்டி டோர் தாழ்ப்பாள். முதல் சாம்பிள் எடுக்கும்போது இதையெல்லாம் முழுசாகக் கேட்க விடுங்கள். இரண்டாம் முறை 'க்ளிக்' அரை வினாடி தாமதமாக வந்தால் போதும், தியேட்டர் நிமிர்ந்து உட்காரும். இதைச் சொன்னால் இசையமைப்பாளருக்குப் பிடிக்காது. அவர் அந்த இடத்தில் வயலின் வைக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.

ஒரே வீடு என்பதால் கதை வரிசைப்படியே ஷூட் பண்ணலாம். பெரிய படங்களுக்குக்கூட இது அமைவது அரிது. நாயகியின் களைப்பும் கலைந்த முடியும் தானாக ஏறிக்கொண்டே வரும், கன்டினியூட்டி வேலை பாதியாகிவிடும். விடியல் வெளிச்சத்தை மட்டும் சூரியனிடம் விட்டுவிடாதீர்கள், அது அரைமணி நேரம்கூட நிற்காது. ஜன்னலுக்கு வெளியே லைட் வைத்து நீங்களே விடிய வையுங்கள். இரண்டாம் மாடிக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

சென்சாரும் சில்லறைச் செலவுகளும்

2024-ல் வந்த விதிகளின்படி யூஏ இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல். 'ஏ' வாங்கினால் டிவியில் அப்படியே போட முடியாது, அந்த வருமானம் அடிபடும். யூஏ 16-ஐக் குறிவைத்து எழுதுங்கள். பெண் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு அவசியமென்றால் மிகக் குறைவாக, விவரமில்லாமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கதாநாயகி படம் என்றாலே அதைத் தொட்டாக வேண்டும் என்று நினைக்கிற எழுத்தாளர்கள் இன்னமும் வருகிறார்கள். ஊசிக்குத்து இல்லாத ஒரு கை அதைவிட அதிகம் பயமுறுத்தும்.

வில்லன் சிகரெட் பிடித்தால் படத்தின் ஆரம்பத்திலும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலை எதிர்ப்பு விளம்பரம் ஓட வேண்டும், புகைக்கிற நேரமெல்லாம் திரைக்கு அடியில் எச்சரிக்கை. உங்கள் உச்சகட்ட சீனுக்கு அடியில் அந்த வரி தேவையா? குட்கா மெல்லுகிறவனாக மாற்றினாலும் புகையிலை என்று வந்துவிடும், ஏலக்காய் மெல்லட்டும். நாய் வேண்டுமென்றால் விலங்கு நல வாரியத்தின் முன்அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் சென்சாரில் நிற்கும். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதாகச் சத்தம் மட்டும் வையுங்கள்.

பட்ஜெட்டில் குறைந்தது கால் பங்கை எடிட், சவுண்ட், இசை, டிஐ (படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) ஆகியவற்றுக்கு ஒதுக்கி, ஷூட்டிங் தொடங்கும் முன்பே வேறு அக்கவுன்டில் போட்டுவிடுங்கள். புரொடக்ஷன் மேனேஜரிடம் அதன் செக் புக் இருக்கக் கூடாது. இன்னொரு பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. கேமரா, லைட் வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. வாடகைக்காரர் போனில் சொல்கிற தொகையில் அது இருக்காது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போனால் மானியம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் படம் முடிந்து, கணக்கு ஒப்படைத்த பிறகு வருகிற பணம் அது. அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள்.

விற்பதற்கு நவம்பரில் கோவாவில் மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்துகிற ஃபிலிம் பஜாருக்கு (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர்) போங்கள். முடியாத படங்களுக்கும் அங்கே தனிப் பிரிவு இருக்கிறது, முதல் கட்ட எடிட்டைப் (ரஃப் கட்) பார்த்து அனுபவசாலிகள் யோசனை சொல்வார்கள். ஓடிடிக்காரர்கள் படம் பிடித்திருந்தாலும் அடுத்துக் கேட்பது 5.1 (சுற்றொலி) மிக்ஸ், எழுத்து இல்லாத விஷுவல், வசனம் இல்லாமல் இசையும் எஃபெக்ட்ஸும் மட்டுமே இருக்கிற ட்ராக். சிங்க் சவுண்டில் எடுத்த படத்துக்கு இந்தக் கடைசி ட்ராக் தானாக வராது. வசனத்தை நீக்கினால் அதோடு சேர்ந்து காலடிச் சத்தமும் போய்விடும், ஃபோலி ஸ்டுடியோவில் மறுபடி உருவாக்க வேண்டும். மிக்சிங் பேசும்போதே அதையும் சேர்த்து விலை பேசிவிடுங்கள், தனியாகக் கேட்டால் இன்னொரு பில் வரும். அந்த ட்ராக் கையில் இருந்தால் தமிழ், தெலுங்கு டப்பிங் உரிமையை இந்தி உரிமையோடு சேர்த்துத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, தனியாக வைத்துக்கொண்டு தனியாக விற்கலாம்.